விட்டத்தைப் பார்த்து உட்கார்வதும் தியானத்தில் உட்கார்வதும்: எங்கே பிரிகின்றன?

கேள்வி இதுதான்: "தினமும் காலையில் கண்ணை மூடி உட்கார்கிறேன். 20 நிமிடம் போனதே தெரிவதில்லை. எதையும் நினைத்த மாதிரி இல்லை, எழுந்தால் லேசாக இருக்கிறது. இது மைண்ட்ஃபுல்னஸ் தியானமா, இல்லை சும்மா எங்கேயோ போய்விட்டு வருகிறேனா?"

சொன்னதை வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் போய்விட்டுத்தான் வருகிறீர்கள். "நேரம் போனதே தெரிவதில்லை" என்ற ஒரு வரி போதும். உடம்புக்குக் கிடைத்த ஓய்வு உண்மையானது, அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் மைண்ட்ஃபுல்னஸ் என்பது இந்த நொடியில் நடப்பதைத் தெரிந்து கவனிக்கும் பயிற்சி, அந்த 20 நிமிடத்தில் அது நடந்திருக்க வாய்ப்பு குறைவு. மாதக்கணக்கில் இப்படியே உட்கார்ந்துவிட்டு, "தியானம் செய்தும் கோபம் குறையவில்லை, படபடப்பு போகவில்லை" என்று கைவிடுபவர்கள் நிறையப் பேர். அவர்கள் செய்தது வேறு ஒன்று என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

எண்ணம் வந்தால் தியானம் கெட்டுவிட்டது, எண்ணமே வராவிட்டால் கைகூடிவிட்டது என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: மனம் இந்த நொடியில் என்ன செய்கிறது என்பது உங்களுக்குத் தெரிகிறதா? மேலதிகாரி மீது கோபமாக ஒரு எண்ணம் ஓடுகிறது, அது ஓடுவதும் தெரிகிறது என்றால் விழிப்பு இருக்கிறது. மனத்தில் ஒன்றுமே இல்லை, ஒன்றும் இல்லை என்பதும் தெரியவில்லை என்றால் விழிப்பு இல்லை.

இந்தத் தெரிதல் எவ்வளவு சத்தமில்லாமல் கழன்றுகொள்ளும் என்பதைப் படிக்கும்போது பார்க்கலாம். கண் வரிவரியாக இறங்குகிறது, கை பக்கத்தைத் திருப்புகிறது, அடுத்த பக்கத்தின் பாதியில்தான் "என்ன படித்தோம்?" என்று உறைக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜோனத்தன் ஸ்கூலரும் உடன் பணியாற்றியவர்களும் இதையே சோதனையாக்கி 2004இல் வெளியிட்டார்கள். படிக்கும்போது மனம் நழுவியது தெரிந்தால் உடனே பொத்தானை அழுத்த வேண்டும். இடையிடையே திடீரென்று நிறுத்தி, "இப்போது மனம் எங்கே இருக்கிறது?" என்றும் கேட்பார்கள். பொத்தானை அழுத்தவேண்டும் என்று தெரிந்தே படித்தவர்கள்கூட, கேட்டபோது பல தடவை வேறெங்கோ இருந்தார்கள்; கேட்கும்வரை அது அவர்களுக்கே தெரியவில்லை. 2009இல் மது கொடுத்து இதே மாதிரிச் சோதித்தபோது மனம் நழுவுவது கூடியது, நழுவியதைத் தாமாகக் கண்டுபிடிப்பது அதற்கேற்பக் கூடவில்லை. நழுவுவது வேறு, நழுவியதைக் கவனிப்பது வேறு, இரண்டும் தனித்தனித் திறன்கள் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தியானம் வளர்க்க முயல்வது இரண்டாவதை.

மூளையிலும் இதற்குத் தடயம் உண்டு. செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்கஸ் ரைக்கிள் குழு 2001இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. குறிப்பிட்ட வேலை எதுவும் இல்லாமல் சும்மா இருக்கும்போது மூளையின் சில பகுதிகள் அடங்குவதற்குப் பதிலாக மும்முரமாக இயங்குகின்றன என்பது அதன் சாரம். நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டை ஒட்டிய பகுதியும், மூளையின் பின்பக்க நடுப்பகுதியும் இதில் முக்கியமானவை. நேற்று நடந்தது, நாளை நடக்கப்போவது, என்னைப் பற்றி அவர் என்ன நினைத்திருப்பார் போன்ற "நான்" சம்பந்தப்பட்ட ஓட்டத்தோடு இந்த வலைப்பின்னலுக்கு நெருங்கிய தொடர்பு. ஆகவே விட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பவருடைய மூளை ஓய்வில் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

இந்த ஓட்டம் எவ்வளவு நேரம் நடக்கிறது? ஹார்வர்டில் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2250 பேரிடம் செல்போன் வழியாக நாளின் பல நேரங்களில் கேட்டு 2010இல் வெளியிட்டார்கள். கேட்ட தடவைகளில் 46.9 சதவீதம் மனம் கையிலிருந்த வேலையில் இல்லை. வேறெங்கோ இருந்தபோது சராசரியாக மகிழ்ச்சியும் குறைவு. இனிமையான விஷயத்தை நினைத்துக்கொண்டிருந்தால்கூட, வேலையிலேயே மனம் இருந்தவர்களைவிட அவர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு இல்லை.

இதுவரை சொன்னது கதை ஓடும் வகை. கேள்வி கேட்டவருக்கு நடப்பது இன்னொரு வகையாக இருக்கலாம்: கதையும் இல்லை, படமும் இல்லை, மந்தமான ஒரு வெறுமை. தியானம் என்று தவறாக எடுத்துக்கொள்ளப்படுவது பெரும்பாலும் இதுதான், ஏனென்றால் இது சுகமாக இருக்கும். பழைய ஆசிரியர்கள் பலர் இந்த இடத்தில் கையைத் தூக்கி எச்சரித்திருக்கிறார்கள். அத்வைத ஆசிரியர் கௌடபாதர் மாண்டூக்கிய காரிகை என்ற நூலில், லயத்தில், அதாவது தற்காலிகமான ஒடுக்கத்தில், ஆழும் மனத்தை எழுப்பு, சிதறும் மனத்தை அமைதிப்படுத்து என்று இரண்டுக்கும் தனித்தனி மருந்து சொல்கிறார். பௌத்தத்தில் தியானத்தைத் தடுக்கும் ஐந்து தடைகளில் மந்தமும் தூக்கக் கலக்கமும் சேர்ந்து ஒன்று. திருவண்ணாமலையில் ரமணர் உபதேச உந்தியாரில் மன ஒடுக்கத்தை லயம், நாசம் என்று இரண்டாகப் பிரிக்கிறார். லயித்த மனம் திரும்ப எழும், நாசமான மனம் எழாது என்கிறார். அவர் சொல்லும் கதை ஒன்று உண்டு. கங்கைக் கரையில் ஒரு யோகி சீடனிடம் தண்ணீர் கேட்கிறார். சீடன் கொண்டுவருவதற்குள் லயத்தில் ஆழ்ந்துவிடுகிறார். நூற்றாண்டுகள் கழித்துக் கண் விழிக்கிறார். வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை: "தண்ணீர்!"

இந்தக் கதையை அப்படியே சோதனையாக வைத்துக்கொள்ளலாம். உட்காரும்போது மின் கட்டணம் பற்றிய கவலை இருந்தது. எழுந்ததும் அதே கவலை, விட்ட இடத்திலிருந்து, அதே சூட்டோடு தொடர்கிறது. நடுவில் என்ன நடந்தது என்று ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அப்படியானால் நடந்தது லயம். விழிப்போடு உட்கார்ந்தவருக்கும் அந்தக் கவலை போயிருக்காது. ஆனால் "மூன்று நான்கு தடவை வந்தது, வரும்போதெல்லாம் வயிறு இறுகியது, சிறிது நேரத்தில் தானே கலைந்தது" என்று அவரால் சொல்ல முடியும்.

சரி, மனம் நழுவிக்கொண்டேதான் இருக்கும் என்றால் தியானத்தில் நடப்பதுதான் என்ன? அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தின் வெண்டி ஹாசன்கேம்ப் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகப் பிரித்துக் காட்டுகிறது. தியானப் பழக்கம் உள்ள 14 பேரை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து 20 நிமிடம் மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். மனம் போனது தெரிந்ததும் பொத்தானை அழுத்திவிட்டு மூச்சுக்குத் திரும்ப வேண்டும். ஒரு சுற்றில் நான்கு கட்டங்கள்: மனம் அலைவது, அலைந்தது தெரிவது, கவனத்தைத் திருப்புவது, மூச்சில் நிற்பது. அலையும்போது மேலே சொன்ன "நான்" வலைப்பின்னல் இயங்கியது. தெரிந்த கணத்தில், முக்கியமானதைச் சட்டென்று உணரும் வேறொரு வலைப்பின்னல் இயங்கியது. அதற்குப் பிறகு வேலையில் கவனத்தை நிறுத்தும் பகுதிகள். 14 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், அதைப் பெரிதாக்க வேண்டாம். ஆனால் வழக்கமாக உட்காருபவர்கள் இந்தச் சுற்றைத் தங்கள் அனுபவத்தில் அப்படியே அடையாளம் காண்பார்கள்.

இரண்டாவது கட்டத்தைத்தான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். "அடடா, போய்விட்டேன்" என்று தெரியும் அந்தக் கணத்தைத் தோல்வி என்று நினைத்துப் பலர் நொந்துகொள்கிறார்கள். பயிற்சி நடந்ததே அந்தக் கணத்தில்தான். 10 நிமிடத்தில் 30 தடவை மனம் ஓடி, 30 தடவையும் அதைக் கண்டுபிடித்துத் திரும்பினால் அது நல்ல அமர்வு. ஒரு தடவை ஓடி, மணி அடிக்கும்போதுதான் தெரிந்தது என்றால், எவ்வளவு அமைதியாக இருந்திருந்தாலும், அதில் ஒரு பயிற்சிகூட இல்லை.

இனி செய்முறை. சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் மடித்த போர்வையையோ கெட்டியான தலையணையையோ பிட்டத்துக்கு அடியில் வைத்து நான்கு அங்குலமாவது உயர்த்துங்கள். முழங்கால்கள் இடுப்பைவிடக் கீழே இறங்க வேண்டும், இல்லாவிட்டால் ஐந்து நிமிடத்தில் முதுகு கூன் விழும், கூன் விழுந்ததும் மந்தம் பின்னாலேயே வரும். நாற்காலியில் உட்கார்வது எந்த விதத்திலும் குறைவில்லை. பாதம் இரண்டும் தரையில் பதியட்டும், முதுகை நாற்காலியில் சாய்க்காதீர்கள். படுத்துச் செய்வது ஆரம்பத்தில் வேண்டாம். போனில் 10 நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு, அதைக் கைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள்.

கவனத்துக்கு ஓர் இடம் வேண்டும். மூக்கு நுனியில் காற்று உள்ளே போகும்போது லேசான குளிர்ச்சியும் வெளியே வரும்போது சிறிய வெதுவெதுப்பும் தெரியும். அல்லது தொப்புளுக்கு மேலே வயிறு எழுவதையும் தாழ்வதையும் எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கம் வருகிறவருக்கு மூக்கு நல்லது, படபடப்பாக இருப்பவருக்கு வயிறு நல்லது. ஒரு அமர்வில் இரண்டுக்கும் தாவ வேண்டாம்.

மூச்சு வெளியே போகும்போது மனத்துக்குள் "ஒன்று". அடுத்த மூச்சு வெளியே போகும்போது "இரண்டு". பத்துவரை போய் மறுபடி ஒன்று. மூச்சை இழுக்கவோ நீட்டவோ வேண்டாம். அது குட்டையாக இருந்தால் குட்டை என்று தெரியட்டும், நீளமாக இருந்தால் நீளம் என்று தெரியட்டும். ஏன் பத்தோடு நிறுத்த வேண்டும்? 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் விசுத்திமக்கம் என்ற தியான நூலை எழுதிய பௌத்த அறிஞர் புத்தகோசர் காரணம் சொல்கிறார்: ஐந்துக்குக் குறைந்தால் மனத்துக்கு இடம் போதாமல் முட்டிமோதும், பத்தைத் தாண்டினால் மனம் மூச்சை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளும். இன்றைக்கும் இது நுட்பமாக வேலை செய்கிறது. வளர்ந்தவர்கள் ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சுவிடுகிறார்கள், ஆக ஒன்றிலிருந்து பத்து என்பது 30 முதல் 50 வினாடி. நீங்கள் 17இல் இருப்பதாகத் தெரிந்தால், வாய் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது, ஆள் அங்கே இல்லை. இதைவிடத் தெளிவான எச்சரிக்கை மணி வேறு கிடைக்காது. விட்டுப்போனது தெரிந்ததும் எந்த எண்ணில் விட்டோம் என்று தேடாதீர்கள். எங்கே போயிருந்தோம் என்பதற்கு ஒரே ஒரு சொல் வையுங்கள்: "திட்டம்", "கவலை", "பழசு", "மந்தம்". பிறகு ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

முதல் இரண்டு வாரத்தில் பலருக்கு மூன்றைத் தாண்டுவதே கஷ்டம். அதைப் பார்த்து மனம் முன்பைவிட மோசமாகிவிட்டது என்று பயப்படுகிறார்கள். மோசமாகவில்லை, இவ்வளவு நாள் கண்ணில் படாதது இப்போது படுகிறது.

கெட்டுப்போகும் இடங்களில் முதலில் நிற்பது மந்தம். அது சத்தம் போடாமல் வரும். முதலில் மூச்சின் விளிம்புகள் மங்கும், உள்ளே போனது எங்கே முடிந்தது, வெளியே வருவது எங்கே தொடங்கியது என்ற இடைவெளி தெரியாது. பிறகு தாடை இறங்கும், தலை அரை அங்குலம் முன்னால் சாயும். அதற்கும் பிறகு சம்பந்தமே இல்லாத துண்டுக் காட்சிகள் வரும், தூக்கத்தின் வாசலில் வரும் கனவுத் துண்டுகள் அவை. முதல் அறிகுறியிலேயே கண்ணைப் பாதி திறந்து மூன்று நான்கு அடி தள்ளித் தரையைப் பாருங்கள். முதுகை நிமிர்த்துங்கள். எண்ணுவதை வெளிமூச்சுக்கு மட்டும் என்பதிலிருந்து உள்மூச்சு, வெளிமூச்சு இரண்டுக்கும் மாற்றுங்கள். போகவில்லை என்றால் எழுந்து முகம் கழுவிவிட்டு நடந்தபடி செய்யுங்கள். சீடர் மொக்கல்லானர் தூங்கி விழுந்தபோது புத்தர் சொன்னதாகப் பாலி நூலில் இருக்கும் யோசனைகளும் ஏறக்குறைய இவைதான்: காது மடலை இழுத்துவிடு, கைகாலைத் தேய்த்துவிடு, எழுந்து கண்ணைத் தண்ணீரால் கழுவி வானத்து நட்சத்திரங்களைப் பார், முன்னும் பின்னும் நட. அதற்கும் அடங்காவிட்டால் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொள் என்று முடிகிறது. இரவில் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டு அதிகாலையில் உட்கார்ந்தால் எந்த உத்தியும் நிற்காது, உடம்பு தன் கடனை வசூலித்தே தீரும்.

பின்னணி இசையும், 20 நிமிடமும் பேசிக்கொண்டே இருக்கும் ஆப் குரலும் இன்னொரு சிக்கல். இசை கேட்டுக் கிறங்குவது இனிமைதான். ஆனால் மனம் போனதைக் கண்டுபிடிக்கும் வேலையை அது உங்களிடமிருந்து பறித்துக்கொள்கிறது, "மூச்சுக்குத் திரும்புங்கள்" என்று குரலே சொல்லிவிடுகிறது. முறையைப் பழக ஒரு வாரம் கேளுங்கள், பிறகு அணைத்துவிடுங்கள்.

மூச்சை ஆழமாக்கிப் பிடித்து நிறுத்துவது பிராணாயாமம், அது தனிப் பயிற்சி. மூச்சடங்க மனமும் அடங்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்த அடக்கம் லயம் என்று ரமணரே பிரித்துச் சொல்லியிருக்கிறார். எண்ணங்களை விரட்டுவதும் உதவாது. விரட்டத் தொடங்கினால் விரட்டுவதே அடுத்த எண்ணமாகிவிடும்.

அலாரம் அடித்ததும் உடனே எழாதீர்கள். கடைசி மூச்சு நீளமா, குட்டையா? கடைசி ஐந்து நிமிடத்தில் காதில் விழுந்த ஒரு சத்தம் எது? உடம்பில் எங்கே இறுக்கம் இருந்தது, அது அசைந்ததா, அப்படியே இருந்ததா? இந்த மூன்றுக்கும் பதில் வந்தால் நீங்கள் அங்கே இருந்தீர்கள். மூன்றுக்கும் வெறும் வெள்ளைத் தாள் என்றால் மறுநாள் 10 நிமிடத்தை 5 ஆகக் குறையுங்கள். நேரத்தைக் கூட்டினால் சரியாகும் என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்வது, கூட்டினால் மந்தத்துக்குத்தான் கூடுதல் நேரம் கிடைக்கும். ஜான் கபட்-ஸின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய 8 வார மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியில் வீட்டில் 45 நிமிடம் செய்யச் சொல்வார்கள், ஆனால் அங்கே வாரந்தோறும் ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து என்ன நடந்தது என்று பேசும் ஏற்பாடு உண்டு. தனியாகச் செய்பவர் அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இவ்வளவும் சொன்னதால் மனம் அலைவதையே ஒழிக்க வேண்டும் என்று ஆகிவிடாது. பாத்திரம் தேய்க்கும்போதும் துணி காயப்போடும்போதும் மனம் எங்காவது போய் நாளைய வேலையை வரிசைப்படுத்திக்கொண்டு வரும், அது தேவையான வேலை. வண்டி ஓட்டும்போது மட்டும் அது கூடாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று வினாடி ஆள் இல்லையென்றால் வண்டி 50 மீட்டர் தானாக ஓடியிருக்கும்.

சில "போய்விடுதல்" மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. பள்ளிக் குழந்தை பேச்சின் நடுவில் சட்டென்று நின்று, சில வினாடி வெறித்து, இமை துடித்து, தொட்டாலும் கூப்பிட்டாலும் திரும்பாமல், பிறகு ஒன்றும் நடக்காதது போலத் தொடர்ந்தால் அது பராக்குப் பார்ப்பது என்று திட்டிவிட்டுப் போகாதீர்கள். ஒருவகை வலிப்பு இப்படித்தான் வரும், ஒரு நாளில் பல தடவைகூட வரலாம். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். வெறும் கவனக்குறைவு என்றால் தோளைத் தொட்டதும் திரும்பிவிடும். பெரியவர்களில், சுற்றியிருப்பதெல்லாம் நிஜமில்லாதது போல, தன் உடம்பே தன்னுடையது இல்லாதது போல அடிக்கடி தோன்றினால், குறிப்பாகப் பழைய அதிர்ச்சி ஏதாவது இருந்தால், கண்ணை மூடி உட்கார்வது அதை அதிகமாக்கக்கூடும். அவர்கள் மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு, கண்ணைத் திறந்தபடி, நடையிலோ பாதம் தரையில் படும் உணர்விலோ கவனத்தை வைத்துத் தொடங்குவது பாதுகாப்பு.

கேள்வி கேட்டவருக்கு: உங்களுக்குப் பழகிய அந்த 20 நிமிடத்தை விட வேண்டாம். முதல் 10 நிமிடம் கண்ணைப் பாதி திறந்து, மூக்கு நுனியில், ஒன்றிலிருந்து பத்து. அடுத்த 10 நிமிடம் கண்ணை மூடி, எதையும் எண்ணாமல், இப்போது உட்காருவது போலவே சும்மா இருங்கள். முதல் பாதி முடிந்ததும் மேலே சொன்ன மூன்று கேள்வி, இரண்டாவது பாதி முடிந்ததும் அதே மூன்று கேள்வி. இரண்டு வாரத்துக்குப் பதில்களைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டாவது பாதியின் பக்கமும் நிரம்பத் தொடங்கினால், எண்ணும் 10 நிமிடத்தை 5 ஆக்கிவிடலாம்.